20 வாட் போதுமா, 100 வாட் ஹெட்டே வேண்டுமா?

ஆறுகம்பி:
எல்லோருக்கும் வணக்கம். கையில் ஒரு கிதார் ஆம்ப் வாங்கத்தான் பணம் இருக்கிறது, கண்ணில் பட்டிருப்பது இரண்டு. ஒன்று மார்ஷல் ஜேசிஎம்800 வரிசையின் 2203, 100 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத, ஆம்ப் மட்டும் உள்ள பெட்டி). பழையது, நல்ல நிலையில் இருக்கிறது என்கிறார்கள். இன்னொன்று, அதையே சுருக்கி 2019-இல் மார்ஷல் கொண்டுவந்த ஸ்டுடியோ கிளாசிக் எஸ்சி20, 20 வாட். முன்பக்கத்தில் இரண்டுக்கும் அதே ஆறு குமிழ், அதே ஹை, லோ இன்புட்.

வீட்டில் ஏற்கெனவே ஃபெண்டர் சேம்ப் சர்க்யூட்டில் கட்டிய 5 வாட் ஆம்ப் ஒன்று வைத்திருக்கிறேன். 8 அங்குல ஸ்பீக்கர். குடியிருப்பது அபார்ட்மெண்ட். வாரக் கடைசியில் டிரம்மரோடு ஜாம், எப்போதாவது பப், காலேஜ் கல்ச்சுரல்ஸ். வாசிப்பது பெரும்பாலும் எழுபது, எண்பதுகளின் ஹார்டு ராக்.

யாரைக் கேட்டாலும் ஒரு கோஷ்டி '5 வாட்டே காதைக் கிழிக்கும்' என்கிறது, இன்னொரு கோஷ்டி '100 வாட் இருந்தால்தான் நெஞ்சில் இடிக்கும்' என்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்? 'உன் காதை நம்பு தம்பி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காரணம் வேண்டும்.

வால்வு ரேடியோ:
இரண்டும் உண்மைதான். வாட் என்பதைச் சத்தத்தின் அளவு என்று எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது.

கணக்கு சின்னது. பவர் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல் ஏறும். பத்து மடங்கானால் 10 டெசிபெல். நம் காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றுவதற்கே சுமார் 10 டெசிபெல் தேவை. அப்படிப் பார்த்தால் 20 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் 7 டெசிபெல். காதுக்கு ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். உங்கள் 5 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் 13 டெசிபெல், அதாவது இரண்டரை மடங்கு. இருபது மடங்கெல்லாம் இல்லை.

அப்புறம் ஸ்பீக்கர். இதை யாரும் பேசுவதில்லை. செலஸ்டியன் கிரீன்பேக்குக்கு 98 டெசிபெல் என்று போட்டிருப்பார்கள், வின்டேஜ் 30-க்கு 100. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் வரும் அளவு அது. சின்ன 8 அங்குல ஸ்பீக்கர்கள் பல இதைவிட ஐந்தாறு டெசிபெல் கீழே இருக்கும். ஸ்பீக்கரில் 6 டெசிபெல் கூடினால், ஆம்பில் நான்கு மடங்கு வாட் ஏற்றியதற்குச் சமம். உங்கள் 5 வாட்டை ஒருமுறை நல்ல 4x12 கேபினெட்டில், அதாவது நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டியில், செருகிப் பாருங்கள் (ஸ்பீக்கரின் ஓம், அதாவது மின்தடை, ஆம்புக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு). இதுவரை குறை சொன்னது ஆம்பையா, அந்த 8 அங்குலத்தையா என்பது ஒரே கார்டில் தெரிந்துவிடும்.

ஸ்நேர் சத்தம்:
டிரம்மர் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. 5 வாட் பெட்டியைக் கொண்டுவந்து கணுக்கால் உயரத்தில் வைத்துவிட்டு, 'மச்சான், கொஞ்சம் மெதுவா அடி' என்று என்னிடம் கேட்பார்கள். மெதுவாக அடித்தால் அது ஹார்டு ராக் இல்லை. நன்றி.

ஈயப்புகை:
இருபது வருஷமாக ஆம்ப் ரிப்பேர் பார்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் சேம்பையும் 2203-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் இரண்டும் ஒரே சாதனத்தின் சின்ன சைஸ், பெரிய சைஸ் இல்லை என்பது பார்த்ததுமே புரியும். சேம்பில் மூன்று வால்வு: சிக்னலை முதலில் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்க ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3. பவர் வால்வு ஒன்றுதான், அலையின் இரண்டு பாதியையும் அதுவே சுமக்கும். சிங்கிள் எண்டட் என்பது இதைத்தான். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கையில் அடங்கும். அதன் வழியே எப்போதும் ஒரே திசையில் டிசி ஓடிக்கொண்டிருப்பதால் இரும்பு நடுவே சின்ன இடைவெளி விட்டுத்தான் சுற்றியாக வேண்டும். அதனால் அடி ஸ்வரங்கள் அங்கேயே மெலிந்துவிடும். இதில் வரும் டிஸ்டார்ஷன் ஒரு பக்கம் சாய்ந்தது, இரட்டை ஹார்மோனிக்ஸ் (மூல ஸ்வரத்தின் 2, 4 என இரட்டைப்படை மடங்கு அதிர்வுகள்) நிறைய. அந்தத் தேன் தடவிய குரல் அதிலிருந்து வருவது.

2203-இல் நான்கு இஎல்34 பவர் வால்வு. இரண்டு தள்ளும், இரண்டு இழுக்கும். புஷ் புல். பவர் ஸ்டேஜில் பிறக்கும் இரட்டை ஹார்மோனிக்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். இரண்டு பக்கத்துக்கும் சிக்னலைப் பிரித்துக் கொடுக்க ஃபேஸ் இன்வெர்ட்டர் என்று ஒரு வால்வு தனியாக இருக்கிறது. அதை முட்டித் தள்ளினால் அதுவும் தன் பங்குக்கு உறுமும். பிளேட் வோல்டேஜ் 450-க்கு மேல். டிரான்ஸ்ஃபார்மரை ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். ரெக்டிஃபையருக்கு வால்வு கிடையாது, சிலிக்கன் டயோடு. அதனால் கம்பியை அடித்த நொடியில் வோல்டேஜ் தொங்காது. 'உடனே பதில் சொல்லுகிறது' என்று 100 வாட் ரசிகர்கள் சொல்வது இதைத்தான். சேம்பிலோ ஓங்கி ஒரு கார்டு அடித்தால் ஒலி கொஞ்சம் அமுங்கி மெத்தென்று வரும். அதையும் விரும்புகிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான்.

ஆக, 5 வாட் சேம்பை 100 வாட் மார்ஷலோடு ஒப்பிடும்போது நீங்கள் வாட்டையே ஒப்பிடவில்லை, இரண்டு வேறு சர்க்யூட்டை ஒப்பிடுகிறீர்கள். எஸ்சி20 கதை வேறு. அதிலும் புஷ் புல்தான், அதே இஎல்34 தான், இரண்டு. வழக்கமாக 50 வாட் தரும் ஜோடியிடமிருந்து குறைந்த வோல்டேஜில் 20 வாட் மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஜேசிஎம்800-இன் அந்தக் கரகரப்பு எங்கே பிறக்கிறது தெரியுமா? பெரும்பகுதி பிரீஆம்பில், அதாவது பவர் ஸ்டேஜுக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் பகுதியில். இரண்டாவது கெயின் ஸ்டேஜின் (பெருக்கும் படியின்) கேத்தோடில், அதாவது வால்வின் எதிர்மின்முனையில், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டிருப்பார்கள், சாதாரண இடத்தில் 1.5 கிலோவோ 820 ஓமோ இருக்கும். அந்தப் பெரிய மதிப்பு வால்வை அரைத் தூக்கத்தில் வைத்திருக்கும், அலையின் ஒரு பக்கத்தை அது சீக்கிரமே வெட்டிவிடும். டெக்னீஷியன்கள் வட்டாரத்தில் இதற்குப் பேர் கோல்டு கிளிப்பர். அதற்கு அப்புறம்தான் டோன் குமிழ்கள், அதற்கும் அப்புறம், பவர் ஸ்டேஜுக்குப் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூம். ஆகவே இந்த ஆம்பைச் சுருக்கினால் குணத்தில் பெரும்பங்கு கூடவே வந்துவிடும். மார்ஷலின் பழைய சூப்பர் லீடு (1959 என்பது அதன் மாடல் எண்) மாதிரி மாஸ்டரே இல்லாத ஹெட்டாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அதில் முக்கால்வாசி குரல் பவர் ஸ்டேஜ் கதறுவதில்தான் வருகிறது. அங்கே வாட்டைக் குறைத்தால் கதறல் சீக்கிரம் வரும், ஆனால் அடி ஸ்வரத்தின் கனம் மாறிவிடும்.

ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சர்களில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் தங்கியிருக்கலாம்.

ஆறுகம்பி:
ஈயப்புகை அண்ணே, கை கொடுங்கள். கோல்டு கிளிப்பர் விஷயம் இதுவரை எந்த வீடியோவிலும் காதில் விழாதது.

கீழ் ஈ கம்பி:
//ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்//

அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அங்கேதான் எனக்குச் சண்டை. 7 டெசிபெல் காதுக்குக் கொஞ்சமாகத் தெரியலாம், ஆனால் ஆம்புக்கு அது ஐந்து மடங்கு வேலை. அந்த வேலை எங்கே செலவாகிறது? கீழ் ஸ்வரத்தில். கீழ் ஈ கம்பியை உள்ளங்கை ஓரத்தால் அமுக்கி, பிக்கால் டக் டக் என்று அடித்துப் பாருங்கள். 100 வாட் ஹெட்டில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, விளிம்போடு வந்து விழும். 20 வாட்டை டிரம்மர் பக்கத்தில் ஈடு கொடுக்கிற அளவுக்கு ஏற்றிவிட்டு அதே அடியை அடியுங்கள். முதல் அடி வரும், இரண்டாவது அதன் மேலே ஏறிப் படுத்துக்கொள்ளும். வேகமான ரிஃப் என்றால் கஞ்சிதான். டிராப் டியூனிங் (கீழ் கம்பியை இன்னும் தாழ்த்திச் சுருதி சேர்ப்பது) வாசிக்கிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

கிளீனுக்கும் இதே கதை. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட். அருமையான ஆம்ப், டிரம்மரோடு வாசித்தால் வால்யூம் பாதி தாண்டுவதற்குள் கரகரக்க ஆரம்பித்துவிடும். ட்வின் ரிவெர்ப் 85 வாட், இரண்டு 12 அங்குலம். காது வலிக்கிற வரைக்கும் கண்ணாடி மாதிரி கிளீனாக நிற்கும். வேடிக்கை பாருங்கள், பெரிய ஆம்ப் உண்மையில் அதிகம் தேவைப்படுவது மெட்டல்காரனுக்கு இல்லை, ஜாஸும் கன்ட்ரியும் கிளீனாக வாசிக்கிறவருக்கு.

வால்வு ரேடியோ:
இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஹெட்ரூம், அதாவது கரகரக்காமல் ஏற்றுவதற்கு இடம், வேண்டும் என்றால் வாட் வேண்டும். சத்தம் வேண்டும் என்பதற்காக வாட் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மேடை ஓரம்:
லைவ் சவுண்டு பார்க்கிறவன் நான், சரித்திரத்திலிருந்து வருகிறேன். 100 வாட் ஹெட் ஏன் பிறந்தது என்று யோசித்தீர்களா? 1965 வாக்கில் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் லண்டன் ஹான்வெல்லில் இருந்த ஜிம் மார்ஷலிடம் போய், இன்னும் பெரியதாகக் கட்டிக் கொடு என்று கேட்டார். அப்போது பிஏ சிஸ்டம் (அரங்கத்துக்கான ஒலிபெருக்கி அமைப்பு) என்பது பாடகரின் குரலுக்கு மட்டும், அதுவும் நோஞ்சான். கிதார் மைக்கில் போகாது. அரங்கத்தின் கடைசி வரிசைக்குச் சத்தம் போக வேண்டுமானால் மேடையில் இருக்கும் பெட்டியே தள்ள வேண்டும். எட்டு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஒரே பெட்டியைக் கட்டினார்கள், தூக்குகிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அப்புறம் அது இரண்டு 4x12 ஆகப் பிரிந்தது. இன்று ஸ்டாக் என்று நாம் ஆசையோடு பார்க்கும் உருவம் அப்படி வந்தது.

இன்றைக்கு உங்கள் கேபினெட் முன்னால் நான் ஒரு எஸ்எம்57 மைக் வைத்துவிடுவேன். கடைசி வரிசைக்குக் கொண்டுபோவது என் வேலை. பப் மாதிரி சின்ன இடத்தில் 100 வாட்டை மாஸ்டர் நாலுக்கு ஏற்றினால், கிதாரை நான் மிக்ஸில் சுத்தமாக இறக்கினாலும் மேடையிலிருந்தே ஜனங்கள் தலையில் கொட்டும். பாடகர் குரல் மைக்கில் வரும் முன்னால் உங்கள் கிதார் அதே மைக்கில் ஏறியிருக்கும். கிதார் ஸ்பீக்கருக்கு இன்னொரு வியாதி உண்டு, மேல் ஸ்வரங்கள் நேர்க்கோட்டில் டார்ச் லைட் போலப் பாயும். உங்களுக்குக் கணுக்காலில் அடிக்கும், எதிரே நாலாவது மேஜையில் பிரியாணி சாப்பிடுகிறவருக்கு நெற்றியில் அடிக்கும். கேபினெட்டை ஸ்டூல் மேல் ஏற்றிக் காதுக்கு நேரே சாய்த்து வைத்தால் பாதி பேர் தாங்களாகவே வால்யூமைக் குறைத்துவிடுவார்கள்.

ரெக்கார்டிங் என்றால் வாட்டுக்கு வேலையே இல்லை. லெட் செப்பெலினின் முதல் ஆல்பத்தில் ஜிம்மி பேஜ் வாசித்தது ஒரு டெலிகாஸ்டரும் சின்ன சுப்ரோ ஆம்பும். கேட்கிறவர்கள் எல்லாம் மார்ஷல் சுவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மைக்குக்குப் பெட்டி எவ்வளவு பெரியது என்று தெரியாது.

கடைசி பெஞ்ச்:
இந்தக் காலத்தில் எதற்கு இந்தச் சுமையெல்லாம்? கெம்பரோ குவாட் கார்டெக்ஸோ, ஆம்ப் ஒலியை டிஜிட்டலில் நகலெடுக்கும் மாடலர் ஒன்று வாங்கி நேரே பிஏ-வில் செருகிவிட்டுப் போகலாமே.

நெறியாளர்:
மாடலர் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும். இங்கே வால்வு மட்டும்.

ஆறுகம்பி:
சரி, ஜாமும் பப்பும் ஓரளவு தெளிந்துவிட்டது. வீடு? எஸ்சி20-இல் 5 வாட்டுக்கு இறக்கும் சுவிட்ச் இருக்கிறது. அது போதுமா? இல்லை 2203 வாங்கி, ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பவரைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டுக்கொள்ளலாமா? கீழ் வீட்டு மாமி ஏற்கெனவே சேம்புக்கே அசோசியேஷனில் கம்ப்ளெயிண்ட் கொடுத்திருக்கிறார்.

வால்வு ரேடியோ:
மாமி பக்கம்தான் நியாயம் இருக்கிறது. 100 டெசிபெல் ஸ்பீக்கரில் ஒரே ஒரு வாட் போனாலே ஒரு மீட்டரில் 100 டெசிபெல். 'ஒரு வாட் ஆம்ப் படுக்கையறைக்கு' என்பது விற்கிறவர் பேச்சு. 20-லிருந்து 5-க்கு இறக்கினால் குறைவது 6 டெசிபெல் மட்டுமே. அபார்ட்மெண்ட் சுவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் பேச்சுக்குரல் அளவில் வாசிக்க வேண்டும் என்றால், பவர் ஸ்டேஜ் சூடாகி முனகும் அளவுக்கு எந்த வால்வு ஆம்பையும் ஏற்ற முடியாது. மாஸ்டரைக் கீழே வைத்து பிரீஆம்ப் டிஸ்டார்ஷனில்தான் வாழ வேண்டும். அது 800-க்கு ஒத்துவரும், ஈயப்புகை சொன்ன காரணத்தால்.

இன்னொன்று. மெதுவாக வைத்தால் டோன் சப்பென்று ஆவதற்கு ஆம்ப் மட்டும் காரணமில்லை. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டினார்கள்: சத்தம் குறையக் குறைய நம் காதே அடி ஸ்வரங்களை அதிகமாக விட்டுவிடும். இரவில் குறைந்த சத்தத்தில் பேஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள், ஜாமுக்குப் போனதும் மறக்காமல் இறக்குங்கள். வீட்டில் அமைத்த டோனை அப்படியே மேடைக்குக் கொண்டுபோகிறவர்களிடம்தான் அந்த மொத்தமான கொழகொழப்பு வருகிறது.

அட்டெனுவேட்டர் பற்றி ஈயப்புகை பேசட்டும்.

ஈயப்புகை:
பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் பவர் சோக் விற்ற காலத்திலிருந்தே இந்த ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆம்பை முழுசாகத் திறந்துவிட்டு, வரும் பவரில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடித்து, மிச்சத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புவது. வேலை செய்யும். ஆனால் 100 வாட் ஹெட்டை வீட்டு அளவுக்கு இறக்கும்போது உங்களுக்குக் கேட்பது கால் வாட், நான்கு இஎல்34-ம் தேய்வது முழு 100 வாட்டுக்கு. வால்வு செட் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான்குக்கும் இரண்டுக்கும் செலவு அப்படியே இரட்டிப்பு, அதுவும் மேட்ச் செய்த செட்டாக வேண்டும். ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று உலகத்தில் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இப்போது வால்வு செய்கிறார்கள், விலை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

ராத்திரிக்கு என்றால் டூ நோட்ஸ் கேப்டர் மாதிரி லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் பவரை வாங்கிக்கொள்ளும் பெட்டி) வாங்கி, கேபினெட் சிமுலேஷனோடு ஹெட்ஃபோனில் கேளுங்கள். மாமி நிம்மதியாகத் தூங்குவார். எது செய்தாலும் ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டாதீர்கள். போக இடமில்லாத வோல்டேஜ் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் திரும்பிப் பாயும், சுற்று பொத்துக்கொள்ளும்.

ஸ்கார்பரோக்காரன்:
அண்ணை, இடையில் ஒரு கேள்வி. இங்க கனடாவில் பழைய ஹெட்டுகள் அங்கத்தை விட மலிவாகக் கிடைக்குது. சென்னையில் இருக்கிற மச்சானுக்கு ஒன்று கொண்டுவரலாம் எண்டு யோசிக்கிறன். சரிவருமோ?

ஈயப்புகை:
கனடா கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. சில பழைய மார்ஷல்களில் பின்னால் வோல்டேஜ் மாற்றும் வசதி இருக்கும், அது இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ஆம்ப் இழுப்பதைவிடத் தாராளமான விஏ-வில் (தாங்கும் பவர் அளவில்). ஸ்டெப் டவுன் வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்கு மட்டும் என்று சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் அதிகம் சூடாகும். தகட்டில் 50/60 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதோடு 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஹெட்டுக்கு விமானக் கட்டணமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், மலிவு எங்கே போனது என்று தெரியும்.

கீழ் ஈ கம்பி:
ஆறுகம்பி, கடைசியாக என் கட்சிக்கு ஒரு வாதம். 2203-ஐ 4x12-ஓடு வாங்கினால் அது ஒரு முழு வண்டி. ஆனால் நடுத்தரமாக 2204 என்று 50 வாட் ஒன்று இருக்கிறது, அதே பிரீஆம்ப், இரண்டு இஎல்34. 100-க்கும் அதற்கும் 3 டெசிபெல்தான். கனமும் நெஞ்சில் இடிப்பதும் பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். பழையதில் 2204 கண்ணில் பட்டால் எஸ்சி20-ஐ மறந்துவிடுங்கள்.

மேடை ஓரம்:
இதற்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் கிடைக்க வேண்டுமே.

ஸ்நேர் சத்தம்:
எதை வாங்கினாலும் சரி, லிஃப்ட் இல்லாத மாடிக்கு 4x12-ஐத் தூக்க என்னைக் கூப்பிடாதீர்கள். 35 கிலோவுக்கு மேல் வரும். எனக்கு ஏற்கெனவே டிரம்ஸ் இருக்கிறது.

ஆறுகம்பி:
எல்லோருக்கும் நன்றி. 2204 தேடிப் பார்த்தேன், இப்போதைக்கு எதுவும் இல்லை. எஸ்சி20 எடுக்கிறேன், மிச்சப் பணத்தில் பின்பக்கம் மூடிய 2x12 ஒன்று, கிரீன்பேக் போட்டு. டியூனிங் சாதாரண ஈ தான், டிராப் எல்லாம் வாசிப்பதில்லை, கீழ் ஈ கம்பி சொன்ன கஞ்சிப் பிரச்சினை ஓரளவுக்குத் தாங்கும் என்று நினைக்கிறேன். சேம்ப் வீட்டிலேயே இருக்கும்.

ஒரு சந்தேகம் மட்டும். கிரீன்பேக் 8 ஓமிலும் வருகிறது, 16 ஓமிலும் வருகிறது. எதை வாங்குவது? இரண்டு 25 வாட் ஸ்பீக்கர் 20 வாட் ஹெட்டுக்குப் போதுமா?

ஈயப்புகை:
போதும், தாராளம். இரண்டும் சேர்ந்து 50 வாட் தாங்கும். இதே பெட்டியில் 2203-ஐச் செருகியிருந்தால் சுருள் கருகியிருக்கும். 100 வாட் என்பது கிளீனாகத் தருகிற அளவு, டிஸ்டார்ஷனில் முழுக்க ஏற்றினால் அது அதையும் நன்றாகவே தாண்டும்.

இரண்டு 16 ஓம் வாங்கி பேரலலில் போடுங்கள், 8 ஓம் ஆகும். ஹெட்டின் பின்னால் 8 என்று எழுதிய ஜாக்கில் செருகுங்கள். இரண்டு 8 ஓம் தான் கிடைத்தது என்றால் சீரிஸில் 16, அப்போது 16 ஜாக். பேரலலில் போட்டால் 4 ஆகிவிடும், பின்னால் 4 என்று இருந்தால் மட்டும் அது சரி.

கேபினெட்டுக்குப் போகும் வயர் ஸ்பீக்கர் கேபிளாக இருக்கட்டும். கிதாரில் செருகுகிற கேபிளும் பார்வைக்கு அதே ஜாக்தான், ஆனால் உள்ளே முடி மாதிரி ஒரு கம்பியும் அதைச் சுற்றி ஒரு ஷீல்டும். பவர் போனால் சூடாகி ஒருநாள் அறுந்துவிடும், அறுந்தால் ஆம்ப் லோடு இல்லாமல் நிற்கும். ஜாமில் அவசரத்துக்கு எவராவது ஒரு கிதார் கேபிளை நீட்டினால் வாங்காதீர்கள். ஸ்பீக்கர் கேபிள் இரண்டாக வாங்கி, இரண்டிலும் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

ஆறுகம்பி:
டேப் ஒட்டிவிடுகிறேன் அண்ணே.